நேரம் எழுதப்படாத தண்டப் பத்திரம்

போன மாதம் ஒரு மழைநாளில் நிரோஷினி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நீதவான் நீதிமன்றம் ஒன்றில் தமிழ்–சிங்கள உரைபெயர்ப்பாளர்.

"மிஸ், வாகன வழக்குக்கு ஆக்கள் வாறது நல்லாக் குறைஞ்சு போச்சு. நிண்ட இடத்திலேயே போனில தண்டத்தைக் கட்டிப்போட்டுப் போயிடுகினம். கையால எழுதின பத்திரத்தில பிழை இருக்கு எண்டு சொல்லி, வாகனம் நிப்பாட்டின குற்றத்துக்கு வழக்காட வந்த ஆரையாவது நீங்க கண்டிருக்கிறீங்களா?"

"ஒரு ஆளைக் கண்டிருக்கிறன்," என்றேன். "ஆனா அவர் வெல்ல வரேல்ல."

"பிறகு என்னத்துக்கு வந்தவர்?"

அதைத் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. அவளுக்கு அடுத்த வழக்கு கூப்பிட்டுவிட்டார்கள். நான் கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்மாடி யன்னலோரம் உட்கார்ந்து, மழைக்குள் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் மெல்லத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை நாட்களில் எனக்கு வருடங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. முகங்கள் மங்கிவிட்டன. குரல்கள் மட்டும் இன்னும் என் வாய்க்குள் இருக்கின்றன. நிரோஷினிக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பரீட்சை எழுதினேன், தெரிவானேன், சட்டச் சொற்களை இரண்டு வருடம் பாடமாக்கினேன். சிங்களத்தை நான் படிக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு பக்கத்து வீடு சிங்களம், மறுபக்கத்து வீடு மலாய், எதிரே தேவாலய மதில். சண்டை பிடிக்கவும் சமாதானமாகவும் அந்த மொழி தேவைப்பட்டது. அப்படியே ஒட்டிக்கொண்டது.

வெளியில் இருப்பவர்களுக்கு எங்கள் வேலையில் விளங்காத ஒன்று உண்டு. உரைபெயர்ப்பாளர் "அவர் சொல்கிறார்" என்று சொல்லக்கூடாது. கூண்டில் நிற்பவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்லவேண்டும். எனக்குச் சைக்கிள் கூட ஓடத் தெரியாது. ஆனால் முப்பது வருடத்தில் காலி வீதியில் மஞ்சள் கோட்டின்மேல் கார் நிறுத்தியவள் நான். புறக்கோட்டையில் ஒருவழிப் பாதையில் எதிராக வந்தவளும், மழையில் பிரேக் பிடிக்காமல் முச்சக்கரவண்டியில் மோதியவளும் நானேதான். பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சில நாட்களில், அன்றைக்கு நான் யாராக இருந்தேன் என்று யோசித்துத்தான் இறங்குவேன்.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் தர்மதாச முதலியார். மூத்த உரைபெயர்ப்பாளரை நீதிமன்றத்தில் இன்றும் முதலியார் என்றுதான் அழைப்பார்கள். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. சிங்களவர், ஆனால் பதுளைப் பக்கத்தில் தோட்டத்துக்கு அருகே தகப்பன் கடை வைத்திருந்ததால் தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர். அவருடைய தமிழ் மலையகத் தமிழ். யாழ்ப்பாணத்து ஆட்கள் சாட்சி சொல்ல வந்தால் என்னிடம் தள்ளிவிடுவார். "அவங்க பேச்சு எனக்குப் பாட்டு மாதிரி இருக்கு மிஸ். ராகம் புரியுது, சொல்லு புரியல," என்பார்.

கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. மேசையில் சோசரால் மூடிய, பால் விடாத பிளேன்டி. மூடியபடியே ஆறி, மத்தியானம் ஒரே மூச்சில் குடிக்கப்படும். வழக்குத் தொடங்குமுன் ஒவ்வொரு குற்றப்பத்திரத்தையும் பென்சிலால் தொடாமல், அரை விரற்கடை மேலே பென்சிலை ஓட்டி வாசிப்பார். தாளில் ஒரு புள்ளி விழாது. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "நம்ம கை அதுல இருக்கக்கூடாது," என்றார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மாதம், ஒருகொடவத்தையில் கொள்கலன் லொறி ஓடும் ஒருவருக்கு உரைபெயர்த்தேன். பாதையோரம் ஏன் லொறியை நிறுத்தினாய் என்று கேட்டதற்கு அவர், "சும்மா நிண்டனான்" என்றார். சும்மாவை எதைக்கொண்டு பெயர்ப்பது? முதலியார் தலையைத் திருப்பாமலே உதட்டை மட்டும் அசைத்து, "நிகங்" என்றார். அந்தச் சிங்களச் சொல் சும்மாவுக்கு அச்சாக அப்படியே பொருந்தியது. நீதவான் சிரித்துவிட்டார். இரண்டு மொழியிலும் மனிதர்கள் ஒரே மாதிரிச் சும்மா நிற்கிறார்கள் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அதே மாதம் திட்டும் வாங்கினேன். தண்டப் பத்திரம் ஒன்றை வாசிக்கையில், ஒன்றும் எழுதாமல் விட்டிருந்த ஒரு கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வழக்கு முடிந்ததும் முதலியார் என்னைக் கூப்பிட்டார்.

"வெறுங் கட்டத்த ஏன் தாண்டுனீங்க?"

"அதில ஒண்டும் இல்லையே, முதலியார்."

"ஒன்னும் இல்லன்னா ஒன்னும் இல்லன்னு வாசிக்கணும். கூண்டுல நிக்கிறவருக்கு நீங்க தாண்டுனது எப்படித் தெரியும்?"

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் இருந்தது. சொன்னவர் எவ்வளவு சத்தமாகச் சொன்னாரோ அவ்வளவு சத்தமாகத்தான் நாமும் சொல்லவேண்டும். அவர் முணுமுணுத்தால் நாமும் முணுமுணுக்கவேண்டும். "சத்தத்தக் கூட்டுனா நீங்க கட்சி சேர்ந்துட்டீங்கன்னு அர்த்தம்." அதற்காகவே ஓர் இளம் உரைபெயர்ப்பாளரை மூன்று மாதம் பதிவறைக்கு அனுப்பியவர் அவர்.

நிரோஷினியிடம் நான் சொன்ன ஆள் யோகநாதன். அவருடைய வழக்கு வந்தது நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்பு. அப்போதும் மழைக்காலம்தான்.

ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த மனிதர், நெற்றியில் திருநீறு. வெள்ளவத்தையில் இடியப்பமும் பிட்டும் அவித்து, சிறிய வெள்ளை வான் ஒன்றில் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஒழுங்கை ஒன்றில் பாதையை மறித்து வானை நிறுத்தியதாகக் குற்றம். தபாற்கந்தோரில் தண்டத்தைக் கட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். அவர் கட்டவில்லை.

முதல் தவணையில் குற்றப்பத்திரத்தை வாசித்து, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "குற்றவாளியா, சுத்தவாளியா?"

அவர் நீதவானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "எனக்குத் தெரியாது," என்றார்.

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். நடுவயது அம்மா, அவசரப்படாதவர்.

"இரண்டில் ஒன்றைச் சொல்லவேண்டும் என்று அவருக்கு விளங்கப்படுத்துங்கள்."

விளங்கப்படுத்தினேன். "அது எனக்கு விளங்குது அம்மா," என்றார் யோகநாதன். "அதைத் தெரிஞ்சுகொள்ளத்தான் இஞ்ச வந்தனான்."

பின்வாங்குகளில் சிரிப்பு எழுந்தது. நீதவான் சிரிக்கவில்லை. சுத்தவாளி என்று பதிந்துகொண்டு, விசாரணைக்குத் திகதி போட்டார்.

விசாரணை நாளன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. மண்டபத்தில் மின்விளக்குகள் எரிந்தும் வெளிச்சம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. மேலே விசிறிகள் சுற்றின. கடைசி வாங்கில் கருநீலச் சேலையோடு ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நீதிமன்றத்துக்கு வருபவர்கள் நீதவானைப் பார்ப்பார்கள், அல்லது கூண்டைப் பார்ப்பார்கள். அவள் என் வாயைப் பார்த்தாள். சிங்களம் தெரியாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அது எனக்குப் பழகிய பார்வை.

நான் நீதிமன்றப் பிரதியை எடுத்து ஒவ்வொரு கட்டமாக வாசித்தேன். பெயர், விலாசம், வாகன இலக்கம், இடம், திகதி. "நேரம்: காலை ஒன்பது பத்து."

"அது என்ர கொப்பியில இல்ல," என்றார் யோகநாதன்.

சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் இட்ட ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஈரம் படக்கூடாதென்று உறையை மடித்து நூலால் கட்டியிருந்தார். நீதவான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அதையும் வாசிக்கும்படி என்னிடம் கொடுத்தார். இரண்டு தாளும் காபன் வைத்து ஒரே தடவையில் எழுதப்படுபவை. ஒன்றில் உள்ளது மற்றதிலும் இருக்கவேண்டும். நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். பெயர், விலாசம், இலக்கம், இடம், திகதி.

"நேரம்: எழுதப்படவில்லை."

அந்தச் சொல்லைச் சொன்னபோது முதலியாரின் பென்சில் அந்தரத்தில் நின்றதை ஓரக்கண்ணால் கண்டேன்.

நீதவான் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேசை விளக்கின்கீழ் பிடித்தார். நீதிமன்றப் பிரதியில் எல்லாம் காபன் எழுத்து. நேரம் மட்டும் நீலப் பேனை. பத்திரத்தை எழுதிய பொலிஸ் சார்ஜன் எதிர்ப்பக்கம் நின்றார். ஓய்வுக்குக் கிட்டிய வயது, பருத்த உடம்பு. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்து அதன் உட்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு வழக்கு நடத்த முடியாது," என்றார் நீதவான். "பிற்பாடு நிரப்பப்பட்டிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. லைசென்சைத் திருப்பிக் கொடுங்கள்."

நான் தமிழில் சொன்னேன். யோகநாதன் கூண்டைவிட்டு இறங்கவில்லை.

"போகலாம்," என்றேன் மறுபடியும்.

அவர் கூண்டின் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, எனக்கு விடுதலை வேண்டாம். நேரம் வேணும்."

நான் சொன்னதைச் சொன்னபடி பெயர்த்தேன். சிங்களத்தில் "வெலாவ ஓன" என்றால் நேரம் வேண்டும் என்றும் பொருள், வழக்கைத் தள்ளிப்போடத் தவணை வேண்டும் என்றும் பொருள். அந்த மண்டபத்தில் ஒரு நாளைக்கு நாற்பது பேர் அதைக் கேட்பார்கள், தவணை கேட்டு. சட்டத்தரணிகள் பக்கத்தில் சிரிப்புப் பொங்கியது.

"எதற்கு இன்னும் தவணை? வழக்கே முடிந்துவிட்டதே," என்றார் நீதவான்.

பிழை எங்கே நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவர் சொன்ன தமிழிலும் அந்த இரண்டு பொருளும் இருந்தன. நான் பெயர்த்ததில் குற்றமில்லை. ஆனால் இரண்டு பொருளில் பிழையான பொருள்தான் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. நாமாக விளக்கம் சொல்லக்கூடாது. நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். அதுவும் முப்பது வருடத்தில் நான் நான்கைந்து தரம்தான் கேட்டிருப்பேன்.

"அம்மா, சொன்னவரிடம் ஒரு சொல்லின் பொருளைக் கேட்க அனுமதி தாருங்கள்."

முதலியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீதவான் தலையசைத்தார்.

"என்ன நேரம் எண்டு கேக்கிறீங்க?" என்று யோகநாதனிடம் கேட்டேன்.

"அந்த நீலப் பேனையால எழுதினது உண்மையோ எண்டு கேக்கிறன் மிஸ். ஆள் சாகிற நேரம் என்ர வான் அங்க நிண்டதோ, இல்லையோ? எனக்கு அதுதான் வேணும்."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னதும் சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். மழைச் சத்தம் கேட்டது. நீதவான் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "சொல்லட்டும்," என்றார். விடுதலைக் கட்டளையை எழுதப்போன பக்கத்தை அப்படியே விட்டார்.

அவர் சொன்னார். நான் அவருடைய "நான்" ஆனேன்.

அந்த ஒழுங்கை காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கி, கடலைக் காணுமுன் ஒரு மதிலில் முட்டி நின்றுவிடும். நடுவில் ஒரு மாடிவீடு. கடைசியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீடு. இரண்டு வீட்டுக்கும் யோகநாதன் பதினொரு வருடமாக இடியப்பம் கொடுத்துவந்தார். அன்று காலை மாடிவீட்டின் முன் வானை நிறுத்திவிட்டு, தட்டோடு மூன்றாம் மாடிக்குப் போனார். அங்கே தனியாக இருந்த வயதான அம்மா, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். கடலைப் பார்த்த பின்பக்க விறாந்தையில் கதிரை கிடந்தது. விடியுமுன்னே எழுந்து மா அவித்த உடம்பு.

"காத்து நல்லா அடிச்சது. ரயில் ஒண்டு போனது. அவ்வளவுதான் தெரியும். நான் நித்திரை கொண்டிட்டன்."

நான் சிங்களத்தில் "நான் நித்திரை கொண்டுவிட்டேன்" என்றேன். சொல்லும்போதே அந்தக் காற்று என் முகத்தில் பட்டதுபோல் இருந்தது. எத்தனையோ பேரின் குற்றத்தை என் வாயால் சொல்லியிருக்கிறேன். நித்திரையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

விழித்துக் கீழே இறங்கி வந்தபோது, கடைசி வீட்டு வாசலில் சனம். அழுகை. ஆசிரியருக்கு மூச்சடைத்து மகள் அம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கிறாள். வெள்ளை வான் ஒன்று பாதையை மறித்து நின்றதால் அம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. காலி வீதியிலிருந்து படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். திரும்பத் தூக்கிப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

யோகநாதனின் வான் கண்ணாடியில், துடைப்பானின் அடியில், பொலிசுக்கு வரும்படி ஒரு துண்டு செருகியிருந்தது. மத்தியானம் போனார். சார்ஜன் தண்டப் பத்திரத்தை எழுதிக்கொடுத்து லைசென்சை வாங்கிக்கொண்டார். அன்று பின்னேரமே, மறித்த வானைப் பிடித்துவிட்டோம் என்று பொலிசிலிருந்து ஆசிரியர் வீட்டுக்குச் சொல்லிவிட்டார்கள்.

"மாஸ்டர் செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவுக்கு நான் சமைச்சுக் கொண்டு போனனான் அம்மா. மகள் கதவைத் திறக்கேல்ல. அதில பிழை இல்ல. நான்தான் எண்டா திறக்கக்கூடாதுதானே. ஆனா நான்தானோ எண்டு எனக்கே தெரியேல்ல. பத்து நிமிஷம் நித்திரை கொண்டனானோ, ஒரு மணித்தியாலம் கொண்டனானோ? மேல்வீட்டு அம்மாவைக் கேட்டா, ஒரு நாள் கொஞ்ச நேரம் எண்டுறா, மற்ற நாள் கனநேரம் எண்டுறா. நாலு மாசமா நான் கண்ணை மூடினா அந்தக் கதிரையிலதான் இருக்கிறன்."

நான் பெயர்த்து முடித்துக் கடைசி வாங்கைப் பார்த்தேன். கருநீலச் சேலைக்காரி முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். அவள்தான் அந்த மகள், சாந்தி. தகப்பனைப் பார்த்துக்கொள்ள யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தானாம். விசாரணைத் திகதியை ஒரு துண்டில் எழுதி, "வந்து கேளுங்கோ" என்று அவளுடைய கதவின் கீழால் தள்ளிவிட்டவர் யோகநாதனேதான். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரியவந்தவை.

நீதவான் சார்ஜனைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்தார். அவர் சத்தியம் செய்தார்.

"நேரத்தை எப்போது எழுதினீர்கள்?"

"பிறகு, அம்மா. மறுநாள்."

"எதைப் பார்த்து?"

"பதிவேட்டைப் பார்த்து. அது முறைப்பாடு வந்த நேரம்."

"வானை நீங்கள் கண்ட நேரம் இல்லையா?"

"இல்லை."

நீதவான் கூண்டின் பக்கம் திரும்பினார். "சாட்சியிடம் எதுவும் கேட்க விரும்புகிறாரா?"

யோகநாதன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஐயா, நீங்க ஒழுங்கைக்குள்ள வரேக்க என்ர வான் எங்க நிண்டது?"

நான் பெயர்த்துவிட்டுக் காத்திருந்தேன். சார்ஜன் தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். என் அனுபவத்தில், பொய் சொல்லப் போகிறவர்கள் அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. அவர் வாயைத் திறந்தபோது குரல் மிகத் தாழ்ந்திருந்தது. சாட்சிக் கூண்டின் அருகில் நின்ற எனக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது.

அவர் சொன்னது இது. நான் தமிழில் சொன்னதும் இதையேதான்.

"நிற்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது. நான் மோட்டார் சைக்கிளில் ஒழுங்கைக்குள் திரும்பியபோது எனக்கு முன்னால் போனது அந்த வான்தான். பின்கண்ணாடிக்குள் இடியப்பத் தட்டுகளைக் கண்டேன். அதற்கு முன்னமே அம்புலன்ஸ் போய்விட்டது. காலி வீதியில் அது என்னைக் கடந்து போனது. நான் நேரே கடைசி வீட்டுக்குப் போய் விசாரித்தேன். திரும்பி வரும்போது வெள்ளை வான் ஒன்று ஆளில்லாமல் நின்றது. நான் தேடி வந்ததும் வெள்ளை வான். துண்டைச் செருகிவிட்டுப் போனேன். மத்தியானம் பத்திரத்தை எழுத உட்கார்ந்தபோது, இது அந்த வான் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நேரத்தை எழுதக் கை வரவில்லை. மறுநாள் மேலே இருந்து கேட்டார்கள். நிரப்பினேன்."

இதில் முதல் இரண்டு வசனத்தை அவருடைய தாழ்ந்த குரலில்தான் தொடங்கினேன். பிறகு கடைசி வாங்கில் இருந்தவள் காதைத் திருப்பி, முன்னால் சரிந்து உட்கார்ந்ததைக் கண்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கேட்பதற்காகத்தான் அந்த மனிதர் நாலு மாதம் லைசென்ஸ் இல்லாமல் திரிந்திருக்கிறார்.

நான் குரலை உயர்த்தினேன். தெரியாமல் உயர்ந்துவிட்டது என்று பிற்பாடு பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். தெரிந்துதான் உயர்த்தினேன். "அதற்கு முன்னமே அம்புலன்ஸ் போய்விட்டது" என்பது மண்டபத்தின் பின்சுவர்வரை போய் வந்தது. விசிறிச் சத்தத்துக்கு மேலாக என் குரலை நானே கேட்டேன். அது எனக்கு அந்நியமாக இருந்தது. நித்திரையில் பேசுகிறவளுக்குத் தன் குரல் கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

நீதவான் எல்லாவற்றையும் எழுதினார். யோகநாதன் சுத்தவாளி என்று தீர்ப்புச் சொன்னார். அம்புலன்ஸ் போன பின்னரே அவருடைய வான் அந்த ஒழுங்கைக்குள் வந்தது என்பதையும் தீர்ப்பில் தனியாக ஒரு வரியாகச் சேர்த்தார். சார்ஜனின் வாக்குமூலம் அவருடைய மேலதிகாரிக்குப் போகவேண்டும் என்றார். சார்ஜன் தலையைக் குனிந்து, "நல்லது அம்மா," என்றார்.

"உங்களுக்கு நேரம் கிடைத்துவிட்டது," என்றார் நீதவான் யோகநாதனிடம். நான் பெயர்த்தேன். அவர் நீதவானையும் சார்ஜனையும் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

மத்தியான இடைவேளையில் நான் விறாந்தைக்கு வந்தேன். பதிவறை வாசலில், லைசென்சுக்குக் காத்திருப்பவர்களுக்கான நீள வாங்கில் யோகநாதன் இருந்தார். அந்த வாங்கின் மற்ற முனையில் சாந்தி. நடுவில் மூன்று பேர் இருக்கக்கூடிய இடம். தண்ணீர்க் குழாய் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்ததால் நான் கைகழுவப் போனேன். கேட்பதற்காகவே போனேன் என்றும் சொல்லலாம்.

"அப்ப ஆர், யோகண்ணை?" என்றாள் அவள்.

"தெரியாது பிள்ளை."

"நாலு மாசமா உங்களைத்தான் திட்டிக்கொண்டு இருந்தனான். சாமிக்கு முன்னாலயும் திட்டினனான்."

"தெரியும்."

"இனி நான் ஆரை..." அவளால் முடிக்க முடியவில்லை. நாலு மாதம் பிடித்துக்கொண்டு நின்ற ஒன்றைக் கையிலிருந்து பறித்தமாதிரி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து மடியில் வைத்திருந்தாள். அப்போதுதான் அழத் தொடங்கினாள். யோகநாதன் பக்கத்தில் நகர்ந்து போகவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்து இருவருக்கும் நடுவில் வாங்கின்மேல் வைத்தார். அவள் அதை எடுத்து முகத்தைத் துடைத்தாள்.

நான் திரும்பி அறைக்குப் போனேன். முதலியார் பிளேன்டியின் மூடியை எடுக்காமல் காத்திருந்தார்.

"சத்தம் கூடிப்போச்சு, மிஸ்."

"ஓம் முதலியார்."

"இருபத்தஞ்சு வருசமா ஒங்களப் பாக்குறேன். ஒரு நாளும் கூடல."

"ஓம்."

"பதிவறைக்கு அனுப்பணும். சட்டப்படி நான் எழுதிக் குடுக்கணும்." அவர் பென்சிலை எடுத்தார். தாளுக்கு மேலே பிடித்து, வழக்கம்போல் ஒரு தடவை ஓட்டினார். பிறகு கீழே வைத்தார். "நா எழுதல. ஆனா அது சரின்னு சொல்லமாட்டேன். இன்னொரு நாளு, தப்பான ஆளுக்காகவும் ஒங்க சத்தம் கூடும். அப்ப என்ன செய்வீங்க?"

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு தடவைகூட நான் குரலை உயர்த்தவில்லை. அதற்கான காரணம் அந்தக் கேள்விதான்.

முதலியார் பிளேன்டியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "வாங்க, மழை விட்டிருச்சு," என்றார். இருவரும் முன்படிக்கட்டில் வந்து நின்றோம்.

தெரு முழுவதும் ஈரம் மினுங்கியது. எதிர்ப்பக்கத்தில், வாகனம் நிறுத்த அனுமதியுள்ள இடத்தில், இரண்டு கோட்டுக்கும் சரி நடுவில் அந்தச் சிறிய வெள்ளை வான் நின்றது. காலையில் தெரிந்த பையன் ஒருவன் ஓட்டிவந்து விட்டுப்போனதாம். யோகநாதன் கதவைத் திறந்துவிட, சாந்தி முன் ஆசனத்தில் ஏறினாள். அவர் சுற்றிவந்து ஏறி எஞ்சினை இயக்கினார். ஆனால் பின்னால் எடுக்க வழியில்லை. மத்தியான நெரிசல். பஸ்ஸும் முச்சக்கரவண்டியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஓடின. யாரும் விடவில்லை. நாலு மாதத்துக்குப் பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்த கை தயங்குவது எங்களுக்கே தெரிந்தது. வான் ஒரு முழம் பின்னால் வரும், நின்றுவிடும்.

நீதிமன்ற வாசற்கதவின் பக்கத்தில் சார்ஜன் நின்றுகொண்டிருந்தார். அவரை ஏற்றிப்போக வாகனம் எதுவும் வந்திருக்கவில்லை. வானைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டு, நேராக்கி, தெருவின் நடுவுக்கு இறங்கினார். வந்துகொண்டிருந்த பஸ்ஸின் முன்னால் கையை உயர்த்தினார். பஸ் நின்றது. மறு கையையும் நீட்டி எதிர்ப்பக்கத்தை நிறுத்தினார். இருபுறமும் ஹோர்ன் அடித்தார்கள். அவர் கையை இறக்கவில்லை.

யோகநாதன் வானை மெதுவாகப் பின்னால் எடுத்துத் திருப்பினார். சார்ஜனைக் கடக்கும்போது வான் ஒரு கணம் நின்றது. கண்ணாடி இறங்கியது. என்ன கதைத்தார்களோ, எந்த மொழியில் கதைத்தார்களோ, படிக்கட்டில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. முதலியாரிடம் கேட்டேன். அவருக்கும் கேட்கவில்லை.

வான் வெள்ளவத்தைப் பக்கம் போனது. சார்ஜன் ஒரு கையை இறக்கி, பஸ்ஸைப் போகச் சொன்னார்.